இறந்த காலப் பயிற்சி

செவ்வாய்க்கிழமை

லண்டனிலிருந்து என் வீட்டுக்காரர் இன்றும் வீடியோ காலில் வந்தார். விசாவுக்கு ஆங்கிலத் தேர்வு எழுத வேண்டுமாம். அதற்குப் பயிற்சியாக, அன்றன்று செய்ததையெல்லாம் நான் இறந்த காலத்தில் அவரிடம் சொல்ல வேண்டும். வினைச்சொல்லைத் திருத்துவார் என்று பார்த்தால் என்னைத்தான் திருத்துகிறார். நேற்று தருமபுரத்தில் அக்கா வீட்டுக்குப் போனதைச் சரியாகத்தான் சொன்னேன்.

"யாரைக் கேட்டுட்டுப் போனே?" என்றார். அது மட்டும் தமிழில்.

அக்கா காய்ச்சலில் கிடக்கிறாள். இன்றும் போனேன். அவரிடம், சமைத்தேன், துவைத்தேன், வீட்டிலேயே இருந்தேன் என்று ஆங்கிலத்தில் கடகடவென்று சொன்னேன்.

"ஒரு தப்புகூட இல்ல. பாஸ் பண்ணிடுவே" என்றார்.

பாஸானால் காரைக்காலை விட்டு அவரோடு போய் இருக்க வேண்டும். அங்கே எழுந்து போக ஒரு அக்கா வீடுகூடக் கிடையாது.