யார் தலையில் முளைத்தது?

நரின் மலைப்பக்கம்,
2 நவம்பர் 1996

அருமை மருமகள் புருலாய்க்கு,

மாமா தொகொன் எழுதுவது. எல்லோரும் சுகம், குதிரைகள் என்னைவிடச் சுகம். பிஷ்கெக்கில் படிக்கிற படிப்பில் சாப்பிட மறந்துவிடாதே.

கோடையில் சிகரெட் அட்டையில் வரைந்து காட்டினாயே, ஓடையில் முழங்கால் உயரத்துக்கு ஐந்து சுவர், குளிரில் தண்ணீர் உறைந்து நிற்கும், வசந்தத்தில் உருகிப் பார்லி வயலுக்குப் பாயும் என்று? ஊர்க்கூட்டத்தில் சொன்னேன். நாலே வார்த்தைதான், இரண்டு மணி நேரம் ஆனது. கிழவர்கள் அழுதார்கள். உன் பெயரைச் சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் கைதட்டிவிட்டார்கள். ஆக, யோசனை இப்போது என்னுடையது. கோபித்துக்கொள்ளாதே.

மேய்ப்பன் எசென் மட்டும், "இது உங்க தலையிலயே முளைச்சதா அண்ணே, இல்ல தொப்பியில ஒட்டிக்கிட்டு வந்ததா?" என்றான். ஓடைக்கு நேர் கீழே உன் வீடு, முதல் தண்ணீர் உனக்குத்தான் என்று அவனிடம் சொன்னேன்.

யோசனையும் ஆட்டுக்குட்டி மாதிரிதான், ஊரே ஊட்டி வளர்க்கிறது. ஐந்து எதற்கு, ஒரே சுவர் போதும் என்றார் வாத்தியார். டிராக்டர்காரன் ஆள் உயரம் என்றான். நான் விடுவேனா? இரண்டாள் உயரம் என்றேன்.

உன் மாமா,
தொகொன்

பிஷ்கெக்,
20 நவம்பர் 1996

அன்புள்ள மாமா,

பெயரை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒரே சுவர் வேண்டாம். முழங்காலுக்கு மேல் ஒரு கல்கூட வேண்டாம். மேலே பனிக்கட்டி கெட்டியாகத் தெரியும், அடியில் தண்ணீர் தேங்கும். வசந்தத்தில் மொத்தமாக உடைத்துக்கொண்டு வரும். எசெனிடமாவது இதை வாசித்துக் காட்டுங்கள். உடனே பதில் போடுங்கள்.

புருலாய்

14 ஏப்ரல் 1997

புருலாய்,

உன் கடிதம் நவம்பரிலேயே வந்தது. எசெனுக்கு வாசித்துக் காட்டவில்லை. காட்டியிருந்தால் யோசனை யாருடையது என்று தெரிந்துபோயிருக்கும்.

வியாழக்கிழமை காலை அந்த இரண்டாள் உயரச் சுவர் உடைந்து போய்விட்டது. எசென், அவன் மனைவி சாய்ரா, கைக்குழந்தை. மூன்று பேர். நான் கூட்டிச் சொல்லவில்லை.

நாளை மாவட்டத்திலிருந்து விசாரிக்க வருகிறார்கள். உன் அட்டையையும் கடிதத்தையும் அடுப்பில் போட்டுவிட்டேன். யோசனை என்னுடையது. ஊரே சாட்சி சொல்லும். நீ வர வேண்டாம், எழுதவும் வேண்டாம். இதையும் எரித்துவிடு.

என் தலையில்தான் முளைத்ததா என்று கேட்டவன் எசென் ஒருவன்தான். அவனைப் புதைத்துவிட்டோம்.

தொகொன்