தண்ணீர் கட்டிய வயல்

நாள் 41 · காலை 6.10
செவ்வாய்க் கிரகம், இரண்டாம் வயல் கூடம். வேளாண் பொறியாளர் தியாகேசன். அடுத்து இங்கே வருபவர் படிக்க. மாற்று ஆள் வர இன்னும் முந்நூறு நாள்.
வெப்பம் 29. நாற்று பச்சை பிடித்துவிட்டது. மண்ணில் கொஞ்சம் பாதரசம் உண்டு. முந்தைய குழுவின் விளக்குகள் உடைந்து கலந்தது. கையேடு 'தண்ணீர் கட்டாதே, ஈரம் போதும்' என்கிறது. காரணம் பின்னிணைப்பில் இருக்கிறதாம். திருவாரூர்க்காரனுக்கு நெல் வளர்க்கச் சொல்லித் தருகிறார்கள். நான்கு விரல் உயரம் கட்டிவிட்டேன்.

நாள் 118 · மாலை 4.30
அறுவடை. கையேடு எதிர்பார்த்ததைப் போல இரண்டு மடங்கு. வயல் தண்ணீரைச் சோதித்தேன், பாதரசம் அளவுக்குள்தான். எனக்கு ஒரு மூட்டை வைத்துக்கொண்டு, மற்றதைச் சரக்கு வண்டியில் தலைமை நிலையத்துக்கு அனுப்பினேன். மருத்துவர் அங்கே இருப்பதால் என் மனைவி குமுதவல்லியும் அங்கேதான். அவளுக்குக் கர்ப்பம், நான்காம் மாதம். முதல் விளைச்சல் அவளுக்கே என்று மற்றவர்கள் டப்பா உணவோடு நின்றுகொண்டார்கள்.
ரேடியோவில்: "வெறுஞ்சோறே இனிக்குதுங்க. ரெண்டு தட்டு சாப்பிட்டேன்."
இன்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

நாள் 163 · காலை 7.05
உதட்டைச் சுற்றி மரத்துப்போகிறது. சட்டைப் பொத்தான் போட மூன்று முறை ஆயிற்று. ரேடியோவில் குமுதாவைக் கேட்டேன்.
"எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன். நீங்க நேரத்துக்குச் சாப்பிடுங்க."
என்னைவிட அதிகம் சாப்பிடுகிறவளுக்கு ஒன்றுமில்லை. அதனால் சோறு காரணமில்லை.

நாள் 190 · பகல் 11.40
பக்கவாட்டில் பார்வை இல்லை. கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்கிறேன். இன்றுதான் அரிசியைச் சோதித்தேன். பாதரசம் அனுமதித்த அளவைப் போலப் பல மடங்கு.
பின்னிணைப்பைப் படித்தேன். தேங்கிய நீருக்கு அடியில், காற்றில்லாத சேற்றில், நுண்ணுயிர்கள் பாதரசத்தைக் கொடிய வடிவமாக மாற்றும். வேர் அதை உறிஞ்சி மணியில் சேர்க்கும். ஒன்றரைப் பக்கம்தான். படிக்க ஐந்து நிமிடம் ஆனது.

நாள் 190 · பகல் 12.15
மருத்துவர் ஷரீபா: "அவங்க மட்டும் ஏன் நல்லா இருக்காங்கன்னு கேட்டீங்க. நஞ்சுக்கொடி வழியா எல்லாத்தையும் புள்ள வாங்கிக்குது, தியாகேசன். அதான். நான் இன்னும் அவங்ககிட்ட சொல்லல."
அரிசி தீர்ந்துவிட்டது என்று சொல்லச் சொன்னேன்.
"சரி. ஆனா பொறந்ததும் நீங்கதான் சொல்லணும்."

நாள் 191
தண்ணீரை வடித்தேன். எழுந்து நிற்க முடியவில்லை, தவழ்ந்துதான் மடை திறந்தேன். வயல் காய்ந்து வெடிக்கட்டும்.

நாள் 271 · காலை 9.20
பெண் குழந்தை.
குமுதா: "அழவே மாட்டேங்குறா. சமத்துன்னு நெனச்சேன். விரலை வச்சா பிடிக்கவும் மாட்டேங்குறா. டாக்டரம்மா உங்ககிட்ட கேக்கச் சொல்றாங்க. நான் என்னங்க கேக்கணும்?"

நாள் 271 · 9.50
சொன்னேன். நாக்கு புரளவில்லை. நான்கு முறை சொன்னேன்.
"ஒன்னும் புரியலைங்க. அழுறீங்களா? அழாதீங்க. உங்க அரிசி தீராம இருந்திருந்தா இப்படி ஆயிருக்காது. அதைச் சாப்பிட்டவரைக்கும் உள்ள நல்லா உதைச்சா."

நாள் 271
எழுதி அனுப்புகிறேன். எழுத்து பாதிதான் தெரிகிறது.
குமுதா, அரிசி தீரவில்லை. தண்ணீர் கட்டியது நான். படிக்காமல்