அந்தக் காலத்து லயக் காம்பரா

இன்று காலை பள்ளிக்கூடத்துப் படியேறும்போது கோதுமை மா காய்ச்சும் வாசனை வந்தது. பசை. மாவைக் கரைத்து, கரப்பான் தின்னாமலிருக்க ஒரு துண்டு மயில்துத்தம் போட்டு, கட்டி தட்டாமல் கிண்டினால் அந்த வாசனை வரும். பாதி சாப்பாடு, பாதி மருந்து. பசியோடு இருப்பவனின் வயிறு ஒரு கணம் ஏமாந்துபோகும். அன்றைக்கு நீதான் அந்தச் சட்டியின் மேல் குனிந்து நின்று, "துத்தம் போடாம இருந்திருந்தா இத நாமளே தின்னுருக்கலாம்டா" என்றவன். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். நீ சிரித்ததாக எனக்கு ஞாபகமில்லை.

பள்ளிக்கூடத்துக்கு மறுபடியும் விழா வந்திருக்கிறது. மறுபடியும் வகுப்பறைகளை அலங்கரிக்க வேண்டும். மறுபடியும் தலைப்பு 'அந்தக் காலம்'. நீ போய் இரண்டு மழைக்காலம் முடிந்துவிட்டது என்பதைத் தவிர, அட்டன் ஊரில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. நம்முடைய வகுப்பாசிரியர் இப்போது பள்ளிக்கூடத்தின் அதிபர். நீ பார்க்க விரும்பிய வாத்தியார் வேலையை நான் பார்க்கிறேன். நீ பார்த்த வேலையை வேறு யாரோ பார்க்கிறார்கள். அதற்கு ஆள் கிடைப்பதில் இந்தப் பக்கத்தில் என்றுமே சிரமம் இருந்ததில்லை.

நாம் படித்தபோது நடந்த அந்த விழா, இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்து நாலைந்து வருஷம் ஆகியிருந்த சமயம். சுதந்திரத்தைக் கொடுத்தவர்கள் போகும்போது நம்மை எந்த நாட்டுக் கணக்கில் எழுதுவது என்று சொல்ல மறந்துவிட்டுப் போயிருந்தார்கள். அந்த விஷயம் நிலுவையில் இருக்க, பள்ளிக்கூடம் தன் ஆண்டு விழாவைக் கவனித்தது. ஒவ்வொரு வகுப்பும் பழைய மலைநாட்டின் ஒரு காட்சியை அமைக்க வேண்டும். ஒரு வகுப்புக்குக் கோப்பிக் காலம் கிடைத்தது. இன்னொன்றுக்கு முதல் ரயில். நமக்கு 'அந்தக் காலத்து லயக் காம்பரா', அதாவது தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீட்டில் ஓர் அறை.

"காசில்லை" என்றார் நம் வகுப்பாசிரியர். அவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். லயத்தைத் தூரத்தில் ரோட்டிலிருந்து பார்த்திருந்தார். "காசில்லாமல் வடிவாச் செய்யிறதுதான் கெட்டித்தனம். உங்களுக்குக் கிடைச்சது செலவில்லாத தலைப்பு. அந்தக் காலத்திலை சனம் எவ்வளவு கஷ்டப்பட்டதெண்டு இந்தக் காலத்துப் பிள்ளையள் பாக்க வேணும்."

"அந்தப் பழைய சாமானெல்லாம் இப்ப எங்க சேர் கெடைக்கும்?" என்று ஆஸ்பத்திரி மருந்துக்காரரின் மகன் கேட்டான்.

"ஏன், இவன்ரை வீட்டிலை கிடக்குமே" என்று ஆசிரியர் உன்னைக் காட்டினார்.

வகுப்பில் லயத்திலிருந்து வந்தவன் நீ ஒருவன்தான். மற்றவர்கள் கடைக்காரர், கிளாக்கர், கணக்கப்பிள்ளை வீட்டுப் பிள்ளைகள். நான் கடைத்தெருத் தையல்காரரின் மகன். ஆசிரியர் சொன்னதில் ஏதோ இடிக்கிறது என்று ஒருவருக்கும் படவில்லை. உனக்குப் பட்டிருக்கும். ஆனால் நீ எழுந்து, "கெடக்குது சேர். செவுத்தையும் கழட்டிக் கொண்டாரவா?" என்று மட்டும் கேட்டாய். ஆசிரியர் சுவர் வேண்டாம், கரி போதும் என்றார்.

சிறந்த காட்சிக்குப் பரிசு உண்டு. உனக்கு அந்தப் பரிசு வேண்டியிருந்தது. பதினெட்டு வயது தாண்டியவன் லயத்தில் இருந்தால் தோட்டத்தில் பேர் பதிந்து வேலைக்குப் போக வேண்டும். இல்லாவிட்டால் லயத்தைவிட்டு வெளியேற வேண்டும். இதுதான் தோட்டத்துச் சட்டம். பள்ளிக்கூடத்துக் கடைசிச் சோதனையை எழுத இன்னும் மூன்று மாதம் இருந்தது. வேலைகளை மேற்பார்க்கிற கண்டாக்கையா இரண்டு தடவை உங்கள் வாசலில் வந்து நின்று எச்சரித்துவிட்டுப் போயிருந்தார். அந்த மூன்று மாதத்தை உன் தோட்டத்துத் துரை ஒருவர்தான் கொடுக்க முடியும். அவர்தான் விழாவின் பிரதம விருந்தினர். முதல் பரிசு வாங்கும் வகுப்பின் தலைவனுக்கு அவர் கை கொடுப்பார். அந்தத் தலைவன் நீ.

"பரிசு குடுக்குற கை, கேட்டா இல்லேன்னு சொல்லாதுடா" என்றாய். நீ நன்றாகப் படித்தவன். ஆனாலும் இப்படிச் சில விஷயங்களை நம்பினாய்.

நாம் செலவில்லாமல்தான் வேலை செய்தோம். என் அப்பா தையல்கடையில் துணி போட்டு வைத்திருந்த உடைந்த தேயிலைப் பெட்டிகள் வந்தன. அவற்றுக்குள்ளிருந்த ஈயத்தாளை உரித்து வாசலில் 'நல்வரவு' என்று வெட்டி ஒட்டினோம். ரேஷன் மாவில் பசை. பழைய பேப்பரை ஒட்டிச் சுவரெடுத்து, விளக்குக் கரியைப் பூசினோம். மீதி எல்லாம் உன் வீட்டிலிருந்து வந்தன: அடுப்புக் கல், குப்பி விளக்கு, காம்பராவைக் குறுக்கே மறைக்கிற சாக்கு, உன் அம்மா கொழுந்து எடுக்கும் கூடை, மழைக்குத் தலையில் போட்டுக்கொள்ளும் கம்பளி. ஒழுகும் இடத்தில் வைக்கிற தகர டின்னையும் கொண்டுவந்தாய். பள்ளிக்கூடத்துக் கூரை ஒழுகவில்லை. அது ஒரு குறையாகவே இருந்தது.

ஆசிரியர் வந்து பார்வையிட்டார். கம்பளியைத் தூக்கி, "இவ்வளவு ஒட்டுப் போட்டிருக்கத் தேவையில்லை. மிகைப்படுத்தினால் ஆரும் நம்பமாட்டினம்" என்றார். கிழிசல் தெரியாதபடி மடித்துப் போட்டோம். உன் வீடு நம்பக்கூடிய அளவுக்கு வந்தது.

கூடையும் கம்பளியும் இல்லாமல் உன் அம்மா என்ன செய்வாள் என்று நான் கேட்டேன். ஒருநாள்தானே, பக்கத்துக் காம்பராவில் கூடை இரவல் வாங்கிக்கொள்வாள் என்றாய். விழா நாளன்று காலையில் பக்கத்துக் காம்பராக்காரி கூடையைத் தரவில்லை. அவளுக்கும் அன்றைக்கு வேலை. கூடையில்லாமல், காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் நின்று பேர் கொடுத்தால் மலைக்கு அனுப்பமாட்டார்கள். ஆகவே உன் அம்மா பெரட்டுக்குப் போகாமல், கொட்டுகிற மழையில் கம்பளியும் இல்லாமல் நடந்து பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டாள், தன் கூடையைக் கேட்டு.

வந்தவள் வாசலில் நின்று பார்த்தாள். தன் வீடு தனக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது. "அடுப்ப இந்தப் பக்கமா வச்சா பொக கண்ணுல அடிக்கும்ல" என்று சொல்லிக் கல்லைத் திருப்பி வைத்தாள். காட்சிக்காக மூட்டியிருந்த தீயில் கையைக் காய்ச்சிக்கொண்டு குந்திவிட்டாள். அந்த நேரத்தில்தான் துரையின் கார் வந்தது.

"ஆர் இந்த மனிசி?" என்று ஆசிரியர் உன்னிடம் கேட்டார்.

"எங்கம்மா சேர்."

ஆசிரியர் ஒரு கணம் யோசித்தார். உத்தியோகத்தில் அவர் உயர்ந்ததற்கு அந்த மாதிரிக் கணங்கள்தான் காரணம். "நல்லதாப் போச்சு. எழும்ப வேண்டாமெண்டு சொல்லு" என்றார்.

துரையும் துரைசானியும் வந்தார்கள். பின்னால் கண்டாக்கையா குடை பிடித்துக்கொண்டு வந்தார். நீ கையில் பிரம்போடு ஒவ்வொன்றாகக் காட்டி ஆங்கிலத்தில் விளக்கினாய். மனப்பாடம் செய்தது சுத்தமாக வந்தது. துரைசானி, வேஷம் போட்ட மாணவன் என்று நினைத்து, உன் அம்மாவின் கையைப் பிடித்துப் பார்த்தார். விரல்களில் கொழுந்துக் கறை. இந்தக் கறுப்பை எதில் செய்தீர்கள் என்று கேட்டார். "சாயத்தண்ணீரில்" என்றார் ஆசிரியர். துரைசானி தன் கைக்குட்டையால் துடைத்துப் பார்த்தார். போகவில்லை. நல்ல சாயம் என்று பாராட்டினார்.

உன் பிரம்பு அடுப்பைக் காட்டியது, விளக்கைக் காட்டியது, கூடையைக் காட்டியது. அடுத்து இருந்தது உன் அம்மா. பிரம்பு நின்றது. துரை காத்திருந்தார். பாடம் மறந்துவிட்டதென்று நினைத்து உன் அம்மா மெதுவாக, "சொல்லுய்யா, தொர பாக்குறாருல்ல" என்றாள்.

பிரம்பை அவள் பக்கம் நீட்டி, "இது அந்தக் காலத்துப் பெண் ஒருத்தி" என்று ஆங்கிலத்தில் சொன்னாய்.

முதல் பரிசு நமக்குத்தான். சட்டம் போட்ட மகாராணி படம். துரை கை கொடுத்தார். அந்தக் கையை விடாமல் நீ கேட்டாய்: தோட்டத்தில் பேர் பதிய மூன்று மாதத் தவணை வேண்டும். எந்தத் தோட்டம் என்றார். சொன்னாய். அவர் திரும்பிக் கண்டாக்கையாவைப் பார்த்தார்.

கண்டாக்கையா வெகுநேரமாகக் கூடையையே பார்த்துக்கொண்டிருந்தவர். "தொரைங்களே, அது நம்ம தோட்டத்துக் கூடைங்க. குந்தியிருக்குறது இவன் ஆத்தா. இன்னிக்குப் பெரட்டுக்கு வரலீங்க" என்றார்.

துரை கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் பிறகு மனம் மாறியிருக்கலாம். அவர் வருத்தப்பட்டார். சபையைப் பார்த்து, பெற்ற தாயைத் தாய் என்று சொல்ல வெட்கப்படுகிற பையனுக்குப் படிப்பு என்ன நன்மை செய்யும் என்று ஆங்கிலத்தில் கேட்டார். தாய்மையைப் பற்றிக் கொஞ்சநேரம் பேசினார். நல்ல பேச்சு. ஆசிரியர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு உனக்குப் புரியட்டும் என்று தமிழில் சொன்னார்: "அம்மா மழையில வேலை. நீ பெரிய ஆள், சும்மா சோறு தின்னுறான். திங்கக்கிழமை பேர் பதி. அம்மாவுக்கு உதவி செய்."

துரைசானிக்கு அந்தக் காம்பராவைக் கலைக்க மனம் வரவில்லை. வருகிறவர்கள் பார்க்க அது அப்படியே பள்ளிக்கூடத்தில் இருக்கட்டும் என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். கைதட்டல் முடிந்தபோது உன் வீட்டுச் சாமான்கள் பள்ளிக்கூடத்துச் சொத்தாகிவிட்டன. கூடையைக் கேட்டு வந்தவள் வெறுங்கையோடு போனாள். பள்ளிக்கூடத்துக் கேட்டில் நின்று உன்னிடம், "என்னப் பத்தி என்னமோ இங்கிலீசுல சொன்னியே, என்ன சொன்ன?" என்றாள்.

"நல்லவிதமாத்தாம்மா சொன்னேன்."

"தொரச்சாமி மொகம் மலந்துச்சே, நான் பாத்தேன்" என்றாள். மழையில் இருவரும் போனீர்கள். நீ பிரம்பை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாய்.

திங்கட்கிழமை பேர் பதிந்தாய். தேயிலைக்கு மருந்தடித்தாய், கிளை கழிக்கும் கவ்வாத்து வெட்டினாய். கடைத்தெருவில் சந்திக்கும்போது, "எங்க வீடு சொகமா இருக்கா?" என்று கேட்பாய். பள்ளிக்கூடத்தில் கயிறு கட்டிப் பாதுகாத்த அந்த மூலையைத்தான் சொல்வாய். "ஒழுகலியே? குடுத்து வச்ச வீடு." நான் சோதனை எழுதி, பயிற்சி முடித்து, அதே பள்ளிக்கூடத்துக்கு ஆசிரியனாக வந்தபோது, "வாத்தியாரே, அந்தக் காலத்துப் பொம்பளைக்குத் தூசி தட்டுறீங்களா?" என்று கேட்டாய். அப்போதும் நீ சிரிக்கவில்லை.

பனியில் நனைந்து நனைந்து உன் நெஞ்சு கட்டிக்கொண்டது. கொழுந்து லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கொழுந்தை இறக்கிவிட்டுத்தான் லொறி போனது.

உன் உடலைப் போர்த்தி அடக்கத்துக்கு அனுப்ப உன் அம்மா அந்தக் கம்பளியைக் கேட்டு வந்தாள். அதிபர் நிஜமாகவே வருந்தினார். "அது பள்ளிக்கூடத்துச் சொத்து, அம்மா. துரைசானி சீமைக்குப் போயிட்டா, ஆரிட்டை உத்தரவு கேக்கிறது?" என்றார். நான் கயிற்றைத் தாண்டிப் போய் அதை எடுத்துக் கொடுத்தேன். அவள் விரித்துப் பார்த்தாள். அந்துப்பூச்சி அரித்திருந்தது.

"எங்கிட்ட இருந்திருந்தா இப்படி விட்டிருக்க மாட்டேன்" என்றாள். மறுபடி மடித்து இருந்த இடத்திலேயே வைத்தாள், கிழிசல் தெரியாதபடி. "கெடக்கட்டும். இதப் போத்துனா அவன் ஏசுவான்."

இந்த விழாவுக்கும் அதிபர் அதையே சொன்னார்: "லயக் காம்பரா இருக்குது. தூசி தட்டினாப் போதும். செலவில்லை."

"இந்தத் தடவை துரை பங்களா செய்வோம் சேர்" என்றேன்.

"அதுக்குக் காசு?"

"அதுவும் செலவில்லாத தலைப்புதான். ஒரு நாற்காலி போதும்."

அதற்குத்தான் இன்று பசை காய்ச்சினார்கள். பழைய பேப்பரைப் பசையில் தோய்த்துத் துரைத் தொப்பி செய்கிறார்கள். தேயிலைப் பெட்டிப் பலகையில் ஒரு நாய். விஸ்கிப் போத்தலில் வெறுந்தேத்தண்ணி. சுவரில் நாம் பரிசு வாங்கிய மகாராணி படம். நடுவில், பள்ளிக்கூடத்தில் கை வைத்த ஒரே நாற்காலியான அதிபரின் நாற்காலி. உன் தோட்டத்துக்கு இப்போது புதுத் துரை. இந்த நாட்டுக்காரர். அரைக்கால்சட்டை அதேதான், தொப்பி அதேதான், பேர் பதிகிற சட்டமும் அதேதான். அவர்தான் பிரதம விருந்தினர். அன்றைக்கு அவர் உட்கார மண்டபத்தில் வேறு நாற்காலி இருக்காது. அதை நான் பார்த்துக்கொள்கிறேன். காட்டினால் உட்கார்ந்துவிடுவார். நாற்காலியைச் சந்தேகப்படுகிற பழக்கம் அவர்களுக்கு இல்லை.

உன் அம்மாவைப் போய் அழைத்தேன். "மறுபடி வந்து குந்தணுமா?" என்றாள்.

"இல்லம்மா. நீங்க பாக்குற ஆளு. இந்தத் தடவை தொர குந்துறாரு."

அவள் வெற்றிலையை மென்றபடி யோசித்தாள். "அவரு கையில கறையே இருக்காதே தம்பி. யாரு நம்புவா?"

விளக்கம் சொல்லப் போகிறவள் மேல் வகுப்பு மாணவி, லயத்துப் பிள்ளை. அடுத்த மாதம் அவளுக்கும் பேர் பதியச் சொல்லியிருக்கிறார்கள். ஆங்கிலம் சுத்தமாக வருகிறது. தொப்பியைக் காட்டுவாள், நாயைக் காட்டுவாள், போத்தலைக் காட்டுவாள். பிறகு நாற்காலிக்கு வருவாள். அங்கே தடுமாறாமல் சொல்ல வேண்டும் என்று தினமும் பழக்குகிறேன். சொல்ல வேண்டியது ஒரு வரிதான். அது அன்று நீ உன் அம்மாவைக் காட்டிச் சொன்ன வரி. 'பெண்' என்ற ஒரு சொல்லைத்தான் மாற்றியிருக்கிறேன்.

பிரம்பு என்னிடமே இருக்கிறது. அன்று காலை அவள் கையில் கொடுப்பேன்.