மூன்று பெட்டிகளும் நாலு மணி நடையும்

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, மாடியில் உன் தங்கை, மாப்பிள்ளை எல்லோரும் நலம், வீட்டிலிருக்கிற மூன்று ரவுட்டர்களும் பரம சௌக்கியம். உன் நலத்தைக் கேட்பதுதான் முறை, ஆனால் நீ சொல்லும் பதிலை நம்புவதா வேண்டாமா என்று இந்த வாரம் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது, காரணத்தைக் கீழே எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே "உனக்குப் புரியாதும்மா" என்று வாயை அடைத்துவிடுவாய், அதனால்தான் காகிதத்தில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன்.

அப்பாவுக்கு இடுப்பில் ஆபரேஷன் முடிந்து நீ கிளம்பும்போது, தினமும் அவர் நடப்பதை அங்கிருந்தே பார்க்க வேண்டும் என்று கூடத்தில் கேமரா மாட்டினாய். நல்ல எண்ணம்தான், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஊருக்கெல்லாம் நெட்வொர்க் போட்டுக் கொடுக்கும் பெரிய இன்ஜினியர் சொந்த வீட்டில் செய்த லட்சணத்தைக் கேள். வாசலில் இன்டர்நெட் கம்பெனிக்காரன் வைத்த ரவுட்டர் பெட்டி. அதிலிருந்து மாப்பிள்ளையின் பெட்டி. அதன் பாஸ்வேர்டை அவரிடம் கேட்டால் உன் கௌரவம் என்னாவது, கல்யாணப் பந்தியில் எப்போதோ நடந்த பேச்சுக்கு நாலு வருஷமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறவனல்லவா நீ. அதனால் அதன் வாலில் உன் பெட்டி ஒன்றைச் சொருகி, அதில் மட்டும் கேமராவுக்கு வழியைத் திறந்துவிட்டு, கூடத்தில் நின்றபடியே போனில் படம் வருகிறது பார் என்று காட்டிவிட்டு விமானம் ஏறினாய். வீட்டுக்குள் நின்றுகொண்டு பார்த்தால் தெரியாமல் என்ன செய்யும். நான் முப்பது வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்தவள். மூன்று எக்ஸ்சேஞ்ச் தாண்டிப் போகிற போன் காலுக்கு நடுவில் ஒருத்தி ஒயரைச் சொருகாமல் விட்டாலும் கடைசியில் மணி அடிக்காது. பத்தாவது படித்த எனக்கு இது முதல் வாரத்திலேயே தெரியும், உனக்கு இரண்டு பட்டம் வாங்கியும் தெரியவில்லை.

எனக்கு எப்படித் தெரிந்தது என்பாய். செவ்வாய்க்கிழமை மருந்துக் கடையில் நின்றபோது, அப்பா என்ன செய்கிறாரென்று நீ என் போனில் ஏற்றிக் கொடுத்த ஆப்பைத் திறந்தேன், வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. வீட்டு வாசலில் கால் வைத்து, போன் வீட்டு வைஃபையைப் பிடித்ததும் படம் வந்தது. திரும்பத் தெருமுனைக்குப் போனேன், இல்லை. வாசலுக்கு வந்தேன், இருக்கிறது. நாலு தடவை இப்படி நடந்ததில், நான் எதையோ தொலைத்துவிட்டேன் என்று பக்கத்து வீட்டுக்காரி கூடவே தேட வந்துவிட்டாள். உன் பெட்டியின் செட்டிங்ஸ் பக்கத்தைப் போனில் திறந்து பார்த்தேன். 8554ஆம் போர்ட் கேமராவுக்கு என்று சரியாகத்தான் எழுதியிருக்கிறாய். ஆனால் வெளி முகவரி என்று அது காட்டியது 192இல் ஆரம்பிக்கும் எண், மாப்பிள்ளையின் பெட்டி கொடுத்த, வீட்டுக்குள் மட்டும் செல்லும் எண், தெருவுக்கே தெரியாதது. மாடிக்குப் போய்க் கேட்டேன். "ஒரு வார்த்தை கேட்டிருந்தா அன்னைக்கே செஞ்சிருப்பேனே அத்தை" என்று சொல்லி ஐந்து நிமிஷத்தில் தன் பெட்டிக்கு வரும் வழியை உன் பெட்டிக்குத் திருப்பிவிட்டார். அப்புறமும் படம் வரவில்லை. கம்பெனிக்குப் போன் செய்தால் மூன்று பேரும் அணைத்துவிட்டுப் போடுங்கள் என்கிறார்கள், வேறொன்றும் தெரியாது போலிருக்கிறது. நாலாவதாக வந்த பெண்ணிடம், நானும் உன்னை மாதிரி ஹெட்போன் மாட்டி உட்கார்ந்தவள்தான், வாசல் பெட்டிக்கு வருவதை மாப்பிள்ளையின் பெட்டிக்கு அனுப்பு என்றேன், அனுப்பினாள். தெருமுனைக்கு ஓடிப்போய்ப் பார்த்தேன். அப்பா நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் நாளை எண்ணிப் பார்த்தேன். அப்படியானால் இந்தப் பத்தொன்பது நாளும் நீ பார்க்கவே இல்லை. தினமும் நாலு மணிக்கு அவர் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டி, வாக்கரைப் பிடித்து ஜன்னல்வரை போய்த் திரும்பி, கேமராவைப் பார்த்துத் தலையாட்டுவார். சாயங்காலம் நீ போன் செய்து, பார்த்தேன்பா, நல்லா நடக்கிறீங்க என்பாய். வேலை செய்யவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டாய், பொய் சொல்ல வெட்கப்படவில்லை. அப்பாவிடம் எப்படிச் சொல்வதென்று இரண்டு நாள் விழித்துவிட்டு நேற்று சொன்னேன். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே தெரியும் என்றார். நீ போன மூன்றாம் நாள் கேமராவுக்கு முன்னாலேயே பாதி வழியில் கால் மடங்கி உட்கார்ந்துவிட்டார், நானும் உன் தங்கையும்தான் தூக்கினோம். நீ பார்த்துப் பதறிப்போய்க் கூப்பிடுவாய் என்று போனை மடியிலேயே வைத்திருந்தாராம். நீ கூப்பிட்டு, இன்னைக்கு ஜன்னல் வரைக்கும் போயிட்டீங்களே என்றாயாம். அப்போது நான் சமையலறையில் இருந்தேன், "அவன்கிட்ட பேசிட்டேன், நீ ஒண்ணும் கேட்காதே" என்று என்னையும் அடக்கிவிட்டார். பிறகு யாருக்காகத் தினமும் இந்தச் சவரமும் சட்டையும் என்று கேட்டேன். "என்னைக்காவது சரி பண்ணிடுவான். அன்னைக்குப் பார்த்து நான் கசங்கின சட்டையோட இருந்தா நல்லாவா இருக்கும்" என்றார்.

எனக்கு உன்மேல் கோபம் இன்னும் ஆறவில்லை, ஆனாலும் பெற்றவள், நீயும் உன் வீட்டாரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். வேளைக்குச் சாப்பிடு, மாப்பிள்ளைக்கு நீயே கூப்பிட்டு ஒரு நன்றி சொல். நாளை நாலு மணிக்கு மறக்காமல் பார். எந்தச் சட்டை என்று நான் சொல்லமாட்டேன். சாயங்காலம் போன் செய்ததும் முதல் வார்த்தையாக அதன் நிறத்தைச் சொல், அப்பா உன்னிடம் வேறு எதுவும் கேட்கமாட்டார்.

இப்படிக்கு,
நடுவில் விட்டுப்போன ஒயரைச் சொருகிய
உன் அம்மா