சந்தியில் தொங்கிய ஜாக்கெட்

பசறை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் துஷாந்துக்கு அப்பா எழுதிக்கொள்வது. நானும் உன் அம்மாவும் சுகம். என் இடது முழங்கால் மட்டும் மொனராகலை பஸ் ஏற்றத்தில் முனகுகிற மாதிரி முனகுகிறது, அது வயதின் சத்தம், நீ பயப்படாதே. அந்த வெயிலில் நீ உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க முருகனை வேண்டிக்கொண்டுதான் தினமும் விளக்கு வைக்கிறோம். போனில் பேசுகிற பிள்ளைக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் என்றால் உன் அம்மா பக்கத்தில் நின்று நான் சொல்வதை வரிக்கு வரி திருத்துகிறாள், இந்த விஷயத்தை நானே என் வாயால் முழுசாகச் சொல்ல வேண்டும். கஜேந்திரன் லீவு முடிந்து வியாழக்கிழமை கட்டாருக்குத் திரும்புகிறான், அவன் கையில் இதையும் அம்மா இடித்த மிளகாய்த் தூளையும் கொடுத்து விடுகிறேன், தூள் பொட்டலத்தை அவன் பிரித்தால் எனக்குச் சொல்லு.

இங்கே மழை விட்டபாடில்லை, தேயிலைக் கொழுந்து நிறைய, பறிக்கத்தான் ஆள் குறைவு. அம்மாவின் தையல் வகுப்பு நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, நான் அதில் கை வைக்கும் வரைக்கும். நீ இன்டர்நெட்டில் அந்த வகுப்பைத் தொடங்கிக் கொடுத்தபோது அம்மாவுக்கு ஈமெயில் இல்லை என்று என் பெயரைத்தானே நிர்வாகி என்று போட்டாய். பாவனை நிபந்தனைகள் ஒன்று, தனியுரிமைக் கொள்கை ஒன்று, இரண்டையும் அனுப்பி வாசித்துப் பார்த்துவிட்டு சம்மதம் என்ற இடத்தை அழுத்துங்கள் அப்பா என்றாய். நான் திறந்து பார்த்தேன், கணபதி ஆகிய நான் இனிமேல் நாங்கள் என்று அழைக்கப்படுவேன் என்று முதல் வரியிலேயே இருந்தது. எட்டாம் வகுப்போடு நின்ற மனுசனுக்கு இவ்வளவு மரியாதையா என்று சந்தோஷப்பட்டு, மிச்சத்தை விரலால் தள்ளிக்கொண்டே அடிக்குப் போய் அழுத்திவிட்டேன். வாசித்தேன் என்று உன்னிடம் சொன்னது பொய்.

கோயில் திருவிழாவுக்குச் சந்தியில் வாழ்த்து பேனர் கட்டுவது உனக்குத் தெரியும். ஆட்டோக்காரர் ஒன்று, ஃபுட்பால் டீம் ஒன்று, வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் ஒன்று, எல்லாவற்றிலும் வரிசையாக முகங்கள். நம் வகுப்புக்கும் ஒன்று இருந்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது. பிள்ளைகள் தாங்கள் தைத்த ஜாக்கெட்டைப் போட்டுப் படம் எடுத்து அனுப்புவார்கள், அம்மா தோளில் சுருக்கம் விழுகிறதா, கழுத்து தூக்குகிறதா என்று பார்த்துத் திருத்திச் சொல்வாள். அந்தப் படங்களில் வடிவானதாக நாலைப் பொறுக்கிப் பசறையில் அச்சடிக்கக் கொடுத்தேன். மேலே மூலையில் என் படம். பாடம் நடத்துகிற உன் அம்மாவின் படத்தைப் போட மறந்துவிட்டேன், அதற்கு அவள் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் பயமாக இருக்கிறது. பேனரைப் பார்த்ததும் அவள் கேட்டது ஒன்றே ஒன்று, இந்தப் புள்ளைகள்ட்ட கேட்டீங்களா என்று. பெருமைப்படுத்துறதுக்கு யாராவது அனுமதி கேப்பாங்களாடி என்று நான் பெரிய மனுசன் போலச் சொல்லிவிட்டுப் போனேன்.

நாலு பேரில் ஒருத்தி சிவசக்தி, லுணுகலைப் பிள்ளை. அங்கே வாஹித் நானாவின் தையல் கடையில் பட்டன் வைப்பது, ஓரம் அடிப்பதுதான் அவள் வேலை, வெட்டுவதற்குப் படிக்கத்தான் நம்மிடம் சேர்ந்தாள். சாப்பாட்டு நேரத்தில் கடைக்குள்ளேயே நின்று படம் எடுத்து அனுப்பியிருக்கிறாள். போனில் பார்த்தால் அவள் மட்டும்தான் தெரிந்தாள். பேனரில் பெரிதானபோது அவளுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய கல்யாண ஜாக்கெட்டும் பெரிதாகிவிட்டது, அரக்குப் பட்டு, முதுகில் ஜரிகை மயில், மயில் தோகையின் கண்களைக் கூட எண்ணலாம். தாலி கட்டுகிற நாள் வரைக்கும் யார் கண்ணிலும் படக் கூடாது என்று கல்யாண வீட்டார் சொல்லிக் கொடுத்திருந்த ஜாக்கெட். அவர்களுடைய சொந்தக்காரர் பாதிப் பேர் நம் தேர் பார்க்க வந்து, பேனருக்குக் கீழேதான் நின்று மோர் குடித்தார்கள். அடுத்த நாள் வாஹித் நானா சிவசக்தியை வேலைக்கு வர வேண்டாம் என்றுவிட்டார்.

சிவசக்தி எனக்கு போன் எடுத்தாள், சத்தம் போடவில்லை. மாமா, கேக்காம யாருக்கும் காட்ட மாட்டோம்னு நீங்கதானே போட்டிருந்தீங்க, அத வாசிச்சுட்டுத்தானே படத்த அனுப்பினேன் என்றாள். நான் போட்டேனா என்று கேட்டேன் மகனே, வெட்கம். பிறகுதான் உட்கார்ந்து கண்ணாடி போட்டுக்கொண்டு அந்தக் கொள்கையை அடி வரை வாசித்தேன். படங்கள் பாடத்தைத் திருத்துவதற்கு மட்டுமே, வேறு எதற்கும் மாணவியின் சம்மதம் இல்லாமல் பாவிக்கப்பட மாட்டாது என்று தெளிவாக இருக்கிறது, கீழே என் பெயர்.

உன்னிடம் போனில் பாதி சொல்லிக் கேட்டபோது, எந்த நட்டத்துக்கும் நாம் பொறுப்பில்லை என்று நிபந்தனையில் இருக்கிறது, பேனரைக் கழற்றிவிட்டுப் பேசாமல் இருங்கள் அப்பா என்றாய். எங்களைக் காப்பாற்றத்தான் சொன்னாய், அது எனக்கு விளங்குகிறது. அந்த வரியையும் வாசித்தேன், அதற்கு அடுத்த வரியில் பிணக்கு வந்தால் அமெரிக்காவில் ஏதோ மாநிலத்து நீதிமன்றத்தில் தீர்க்க வேண்டும் என்றும் இருக்கிறது. நானும் வாஹித் நானாவும் சிவசக்தியும் சோற்றுப் பார்சலோடு அமெரிக்காவுக்கு பஸ் ஏறுவதை நினைத்துப் பார்த்தேன். யாரோ எழுதியதை நீ தமிழாக்கிப் போட்டிருக்கிறாய், குற்றமில்லை, ஆனால் பிள்ளை வேலை போய் வீட்டில் இருக்கிறாள், பொறுப்பில்லை என்று நான் எந்த முகத்தோடு சொல்வது.

ஆகவே நானும் அம்மாவும் லுணுகலைக்குப் போனோம். வாஹித் நானா டீ வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் ஏசினார். கல்யாண ஊட்டு சட்டய சந்தியில தொங்கவுட்டா நான் யாரு மூஞ்சில முழிக்கிற கணபதி அண்ணன், என்னய நம்பித்தானே தைக்கத் தார என்றார். நியாயம். கேட்க வேண்டியது அவரிடமும்தான், அது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவரையும் கூட்டிக்கொண்டு கல்யாண வீட்டுக்குப் போனோம். பெண்ணின் அம்மா உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. பஸ்ஸில் மனப்பாடம் பண்ணிய பேச்சு அத்தனையும் மறந்துபோய், படம் அந்தப் புள்ளையோடது, கடை இவரோடது, சட்டை உங்களோடது, தூக்கித் தொங்கவிட்ட புத்தி மட்டும் என்னோடதுங்க என்றேன். உள்ளே இருந்த கல்யாணப் பெண், அப்ப அந்த மயிலையும் நீங்களே கட்டிக்கங்க என்றாள். உன் அம்மா அந்தச் சமயத்தில் முன்னால் போனாள். முதுகை மட்டும் பிரித்து வேறு வேலைப்பாடு போடலாம், நாள் இருக்கிறது, சிவசக்தி கையால் செய்யட்டும், நான் கடையிலேயே பக்கத்தில் இருக்கிறேன் என்றாள். பெண் சரி என்றாள். வாஹித் நானா தாடியைத் தடவிக்கொண்டு, அப்ப நாளைக்கி அந்தப் புள்ளய வரச் சொல்லுங்க என்றார். புது வேலைப்பாடு என்ன என்று இன்று வரை என்னிடம் யாரும் சொல்லவில்லை. கல்யாணத்துக்கு எங்களையும் அழைத்திருக்கிறார்கள், அங்கே பார்த்துக்கொள்ளலாம் என்றுவிட்டாள் அம்மா.

வேலை திரும்பிக் கிடைத்தாலும் சிவசக்தி வகுப்புக்குப் படம் அனுப்புவதை நிறுத்திவிட்டாள். கடைசிப் பாடம் ஜாக்கெட்டுக்குக் கை வெட்டித் தைப்பது, போட்டுக் காட்டாமல் அதைத் திருத்த முடியாது. கேளேன் என்றால், கேக்க மாட்டேன், அவளுக்கா நம்பிக்கை வரட்டும் என்று அம்மா தினமும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதனால் நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அந்த நிபந்தனை, கொள்கை இரண்டையும் நம் ஆட்கள் பேசுகிற தமிழில், மூச்சு விடாமல் வாசிக்கிற அளவுக்குச் சுருக்கி எழுது. படத்தைக் காட்டலாமா என்று தனியாக ஒரு கேள்வி வை, அவர்களாக ஆமாம் சொல்லாத வரைக்கும் வேண்டாம் என்றே இருக்கட்டும், சொன்ன பிறகும் மனம் மாறினால் எடுத்துவிட வழி இருக்கட்டும். ஒரு கணக்கை ஒருவர்தான் பாவிக்கலாம் என்று போட்டிருக்கிறாய், தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் வீட்டுக்கு ஒரு போன், அதில் நாத்தனாரும் அண்ணியும் சேர்ந்துதான் படிக்கிறார்கள், அதை எடுத்துவிடு. அமெரிக்க நீதிமன்றத்தையும் எடுத்துவிட்டு நம் விலாசத்தைப் போடு, ஏச வேண்டியவர்கள் நேரே வரட்டும். எல்லாவற்றுக்கும் மேலே, பிள்ளைகளின் படங்கள் இருக்கிற இடத்துக்குப் பாஸ்வேர்டை மாற்றி அம்மாவிடம் மட்டும் கொடு. நிர்வாகி என்று என் பெயர் இருந்தால் போதும், சாவி அவளிடம் இருக்கட்டும்.

பேனர் இப்போது விறகை மூடியிருக்கிறது. பிள்ளைகளின் முகங்களை அம்மா கத்தரியால் வெட்டி எடுத்து எரித்துவிட்டாள், மூலையில் நான் மட்டும் மிச்சம், மழையில் நனைந்துகொண்டு சிரிக்கிறேன்.

நேற்றுப் பின்னேரம் அம்மாவின் போனில் சத்தம் வந்தது. எடுத்துப் பார்த்தவள் எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டாள். சிவசக்தியா என்றேன், ஆமா என்றாள். கை நல்லா வந்திருக்கா என்றேன். நல்லா வந்திருக்கு, அவ்வளவுதான் உங்களுக்கு என்றாள். நானும் எட்டிப் பார்க்கவில்லை மகனே.

உனக்கு நல்ல சுகமும் நல்ல புத்தியும் கிடைக்கட்டும், புத்தி என் பக்கத்திலிருந்து வராது, அம்மாவிடமிருந்து எடுத்துக்கொள். வெயிலில் தலையை மூடிக்கொண்டு போ. பாஸ்வேர்டை மறக்காதே.

அன்புள்ள அப்பா,
க. கணபதி
(இனிமேல் நாங்கள் அல்ல, நான்)