வெறுங்காது

செப்டம்பர் 3
நேற்று எர்மெக்கின் அம்மா வந்து என் காதில் வெள்ளித் தோடு மாட்டிவிட்டுப் போனார். இனி நான் அவர்கள் வீட்டுப் பெண். நான் ஆசைப்பட்டவன்தான், சந்தோஷம்தான். பிறகு ஏன் காலையிலிருந்து மலையையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்?

செப்டம்பர் 5
மலைமேல், நான் வேலை பார்க்கும் நிலையத்தில் இருக்கிறேன். பூமியின் காந்தப்புலத்தை அளக்கும் மரக்குடிலுக்குள் எந்த உலோகமும், ஓர் ஊசிகூட, கொண்டுபோகக் கூடாது. தோட்டைக் கழற்றிக் கோட்டுப் பையில் போட்டேன். பொறுப்பாளர் ரக்கிமா அக்கா கேட்டார்: "குளிர்காலம் முழுக்க இங்க ஆள் வேணும், சைகல். நீ இருக்கியா, இல்ல வேற ஆள் பாக்கவா?"
திரையில் கோடு மெல்ல நெளிந்துகொண்டிருந்தது. சூரியன் சீறினால் அது இங்கே நடுங்கும். இதை விட்டுவிட்டு எப்படிப் போவேன்?

செப்டம்பர் 6
ரக்கிமா அக்கா கேட்டதை எர்மெக்கிடம் போனில் சொன்னேன்.
"இங்க ஸ்கூல்ல இயற்பியல் டீச்சர் வேலை இருக்கு. மத்தியானமே வீட்டுக்கு வந்துடலாம். அம்மா பேசியே வெச்சுட்டாங்க."
"உனக்கு என்ன வேணும்?"
"நீ பக்கத்துல இருக்கணும்."
கோபப்படவும் முடியாதபடி சொல்கிறான், பாவி.

செப்டம்பர் 8
ஐயோ! மலையிலிருந்து இறங்கி நேரே நாரின் நகரச் சந்தைக்குப் போனேன், வெறுங்காதோடு. எங்கள் ஊரில் தோட்டைக் கழற்றினால் சம்பந்தம் வேண்டாமென்று அர்த்தம். நான் வீடு வந்து சேருமுன் செய்தி எர்மெக் வீட்டுக்குப் போய்விட்டது.
"மானத்த வாங்கிட்டியேடி! மறந்துட்டாளாம். வேணுங்கறத யாராவது மறப்பாங்களா?" என்று கத்தினாள் என் அம்மா.
கோட்டுப் பைக்குள் கைவிட்டுத் தோட்டைத் தொட்டுப் பார்த்தேன்.

செப்டம்பர் 9
எர்மெக் வந்தான். "மாட்டிக்கோ. வீட்ல நான் பேசிக்கறேன்."
"ஒரு குளிர்காலம் பொறுத்துக்குவியா?"
"அப்புறம்?"
அப்புறமும் நான் அங்கேதான் இருப்பேன். எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். தோட்டை அவன் கையில் வைத்து, விரல்களை மூடினேன். இருவரும் அழுதோம்.

செப்டம்பர் 10
அவன் குரல் கேக்கணும் போல இருக்கு. வேற ஒண்ணும் வேணாம்.

நவம்பர் 20
பனி சன்னல்வரை ஏறிவிட்டது. கீழே ஊர் விளக்குகள். அவன் வீடு எது என்று இங்கிருந்து தெரியாது, தினமும் தேடுகிறேன். இன்று காலை சூரியப் புயல். கோடு துள்ளியது, நானும் துள்ளினேன். உடனே அவனிடம் சொல்லத் தோன்றியது. போனை எடுத்தேன், வைத்தேன்.
திரும்பக் குடிலுக்குள் நுழையும்முன் கை தானாகக் காதுக்குப் போனது. கழற்ற ஒன்றுமில்லை. உள்ளே போனேன்.