பதினொரு கடிதங்களும் உங்கள் ஒரு கேள்வியும்

இன்று காலை மழையும் கடல் ஏற்றமும் ஒரே நேரத்தில் வந்தன. சிராங்கூன் சாலைக் கடைவீட்டின் பின்சந்தில் குடையோடு நின்று, சாக்கடையில் தண்ணீர் தடையின்றி ஓடுவதைப் பார்த்தேன். பழைய நாற்றம் துளியும் இல்லை. சந்தில் எல்லோருக்கும் அது நிம்மதி. நீங்கள் இறந்து மூன்று வாரமாகியும் எனக்கு அது அவமதிப்பு.

எழுபதுகளின் இறுதியில், செம்பவாங் கப்பல் பட்டறை வேலையை விட்டுவிட்டு எங்கள் மாடிக்குக் குடிவந்தீர்கள். கீழ்த்தளத்தில் தையல் வேலை பார்க்கும் ஞானம்மா முதல் வாரமே உங்களை "அண்ணே" என்றார். பத்தாண்டுகளாக அங்கிருந்த நான் அவருக்கு "சார்"தான்.

கடல் ஏற்றத்தோடு மழை பெய்தால் உடைந்த சாக்கடை பொங்கி அவர் வீட்டுக்குள் புகும். பட்டதாரி என்பதால் முறையிடும் வேலை என்னிடம் வந்தது. மூன்றாண்டுகளில் பதினொரு கடிதங்களைத் தட்டச்சு செய்து, சாக்கடைகளைக் கவனிக்கும் அரசு அலுவலகத்துக்கு அனுப்பினேன். கவனித்துவருகிறோம் என்று பதினொரு முறையும் பதில் வந்தது. கீழே கையெழுத்தாக ஒரு கிறுக்கல் இருக்கும், பெயர் இராது. பன்னிரண்டாவது கடிதத்தை மனத்துக்குள் செதுக்கிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் ஆண்டு டிசம்பரில், மாதா கோயில் திருமணம் ஒன்றுக்கு ஞானம்மா தைத்துவைத்திருந்த வெள்ளை உடை சாக்கடை நீரில் மிதந்தது. மறுநாளே நீங்கள் என் கதவைத் தட்டினீர்கள்.

"வாங்க சார், நேரா ஆபீஸுக்கே போய்க் கேப்போம்."

"அதுக்கு ஒரு முறை இருக்கு."

"அந்த முறைதான் மூணு வருஷமா அந்தம்மா வீட்டுல மிதக்குது லா!"

கவுண்டரில் இருந்த தமிழ் அதிகாரி என் கடிதங்கள் கிடைத்ததாகச் சொன்னார். "கவனிச்சிட்டுதான் இருக்கோம்."

"யாரு சார் கவனிக்கிறா?"

"டிபார்ட்மெண்ட்."

"உங்க பேரு என்ன சார்? அந்தம்மா கேட்டா ஒரு பேரு சொல்லணும்ல."

பேருந்துப் பயணச்சீட்டின் பின்புறத்தில் பென்சிலை வைத்துக்கொண்டு காத்திருந்தீர்கள். எங்களுக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அதிகாரி தன் பெயரைச் சொன்னார். "நாளைக்கு நீங்களே வந்து பாத்துடுங்க. டீ நம்ம செலவு" என்றீர்கள். வந்தார். கணுக்கால் நீரில் சப்பாத்துக் காலோடு நின்று பார்த்தார். சீனப் புத்தாண்டு முடிந்ததும் சாக்கடையைச் சரிசெய்யப் பின்சந்தில் தோண்டத் தொடங்கினார்கள்.

ஒரு கேள்விதான். நானும் கேட்டிருக்கலாம். படித்தவன் பெயர் கேட்டு நிற்பது அநாகரிகம் என்று நினைத்திருந்தேன். மூன்றாண்டுகள் என்னை ஏய்த்த அந்த அலுவலகத்தின்மேல் வரவேண்டிய கோபம் முழுவதும் உங்கள்மேல் வந்தது. "லெட்டர் எல்லாம் சார் எழுதினது லா, நான் சும்மா கூடப் போனேன்" என்று சந்து முழுக்கச் சொன்னீர்கள். புகழை நீங்களே எடுத்துக்கொண்டிருந்தால் உங்களை அற்பர் என்று ஒதுக்கியிருப்பேன். அந்த வசதியையும் எனக்கு நீங்கள் தரவில்லை.

சென்ற வாரம் சமூக மன்றத்தில் உங்களுக்கு இரங்கல் கூட்டம். உரை எழுதும்படி என்னைத்தான் கேட்டார்கள். நான்கு பக்கங்கள் வாசித்தேன். பட்டறையில் உங்கள் உழைப்பு, கேரம் பலகையில் உங்கள் கள்ளாட்டம், நோயிலும் ஓயாத உங்கள் கிண்டல் எல்லாம் அதில் இருந்தன. சாக்கடை இல்லை. எழுதி, அடித்து, அடித்தது தெரியாதிருக்கப் பக்கத்தையே மாற்றி எழுதியிருந்தேன்.

வாசலில் ஞானம்மா என்னை நிறுத்தினார். "நல்லா எழுதியிருந்தீங்க சார். சாக்கடைய மட்டும் சொல்லல."

"மறந்துட்டேன்மா."

"நீங்களா சார்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

அடித்ததையெல்லாம் இங்கே எழுதிவிட்டேன். உங்களிடம் சொல்வது எளிது, பதில் வராது. ஞானம்மாவிடம்தான் சொல்ல வேண்டும். மூன்று நாள்களாக மாடிப்படி இறங்கி, தையல் இயந்திரத்தின் சத்தம் கேட்கும் அவர் கதவுவரை போய்த் திரும்புகிறேன். நீங்களாக இருந்தால் முதல் நாளே தட்டியிருப்பீர்கள். அதற்காகவும் உங்கள்மேல் பொறாமைப்படுகிறேன்.